கொக்கும் மாநிறமும்

ஜன. 18, ஞாயிறு

எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். தாமல் ஏரி. கூட வந்தது பெரியப்பா மகன் தினேஷ் அண்ணன், கல்யாண போட்டோகிராபர். வரன் பார்க்க என்னை ஒரு படம் எடுக்கவேண்டுமாம். நான் போனது கொக்கைப் படம் பிடிக்க.

அண்ணனின் உபதேசம்: "வெள்ளைன்னா வெளிச்சத்த ஒரு ஸ்டாப் ஏத்திடுமா. கண்ண மூடிக்கினு ஏத்து." அவர் தொழிலே அப்படித்தான் நடக்கிறது போல.

ஏற்றித் தொலைத்தேன். தூரத்தில் சின்னக் கொக்கு, சுற்றிலும் கறுத்த தண்ணீர். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் இறகே இல்லை. வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினமாதிரி. அண்ணன் மட்டும், "பளிச்சுனு இருக்குதுமா!"

19, திங்கள்

நான் வேலைபார்க்கும் பட்டுக்கடையில் மதியம் ஆளில்லை. எடுக்கவேண்டிய புடவைப் படங்களும் முடிந்தன. வெள்ளைப் பட்டைப் படம் முழுக்க நிரப்பி எடுத்தேன்: சாம்பல். அதையே சின்னதாக மடித்துக் கறுப்புத் துணி நடுவில்: வெளிறிப்போய் ஜரிகையே காணோம்.

புரிந்துவிட்டது. இந்தக் கேமராப் பெட்டிக்குத் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்று, மாநிறம். வெள்ளையைக் கறுக்கவைக்கும், கறுப்பை வெளுக்கவைக்கும். படம் நிறையக் கொக்கு என்றால் ஏற்றணும். கறுத்த தண்ணீர் நிறைய என்றால் இறக்கணும். இத்தனை கல்யாணம் எடுத்த மனுஷனுக்கு இது தெரியாது.

சாயங்காலம் தரகர் போன், ஸ்பீக்கரில். "மாநிறம்னு போட்டுடறேன்மா. கறுப்புனு போட்டா எவன் வருவான்?" அம்மா போனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அண்ணன் என் படத்தையும் அனுப்பிவிட்டார். கொக்கின் கதிதான். மூக்கு இல்லை, கன்னம் இல்லை, பவுடரில் இரண்டு கண். அம்மா அழகு என்று கண்கலங்கினாள். அதுதான் வலித்தது.

25, ஞாயிறு

மறுபடி தாமல். தனியாக. நல்ல வெயில். மேனுவலில் வைத்து, கேமரா சொன்னதைவிட ஒன்றரை ஸ்டாப் இறக்கினேன். இறகு இறகாக வந்தது, கழுத்தோரச் சேறுகூட.

பிறகு கேமராவை முக்காலியில் ஏற்றி, டைமர். அதே தண்ணீருக்கு முன்னால் நான், பின்னால் கொக்கு. வெளிச்ச அளவை மாற்றவில்லை.

அம்மா: "இன்னாடி, இவ்ளோ கறுப்பா வந்துக்கிற?"

"கொக்கு வெள்ளையா இருக்குதா?"

"இருக்குது."

"அப்போ படம் சரி."

ரொம்ப நேரம் பார்த்தாள். "மூக்கு அப்படியே உங்கப்பாதான்" என்றாள்.

தரகருக்கு அனுப்பியாயிற்று. கீழே ஒரு வரி: மாநிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு என்று போடவும்.