பூஜ்யத்தில் நின்ற முள்

செப். 9, செவ்வாய்

விடியும்போதே மழை. ஜெலுத்தோங்கில் ரோட்டோரம் முழுக்கத் தண்ணீர். ஹோட்டலுக்குத் தாமதம், மானேஜர் முகம் கடுகடு. ஏர்கான் இரண்டு, லிஃப்ட் ஒன்று, குளியலறைத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்ட விருந்தாளி ஒருவர். மெயின்டனன்ஸ் வேலை என்றால் எல்லாரும் திட்ட ஒரு ஆள் என்று அர்த்தம்.

மாலை பட்டறை. சமையலறையை ஒட்டிய சின்ன அறை. எனக்குப் பட்டறை, மனைவி ரோஸுக்கு "ஒங்க இரும்புக் கடை". பொம்மை நீராவி எஞ்சினுக்குச் சக்கரம் கடைய உட்கார்ந்தேன். லேத்தைப் பார்த்ததும் ஒரு உறுத்தல். இரும்பைக் கவ்வும் சக்கில் மூன்று தாடைகள். ஒன்றாம் நம்பர் தாடை மேலே இருக்கும்படி விட்டுப் போவது என் பழக்கம். இன்று இரண்டாம் நம்பர் மேலே. நானே மறந்தேனா? நான் மறக்கிற ஆள் இல்லை.

முன்னறையில் ரோஸின் தையல் மெஷின் தடதட. தீபாவளி ரவிக்கைகள் குவிகின்றன. எங்களுக்குக் கிறிஸ்துமஸ்தான், ஆனால் அவளுக்குத் தூக்கம் போவது தீபாவளிக்கு.

"ஊசிக்கம்பி ஆடுதுங்க. அதப் புடிச்சிருக்கற புஷ் வளையம் தேஞ்சு போச்சு. தையல் விட்டு விட்டுப் போகுது. எப்ப செஞ்சு தருவீங்க?"

அடுத்த வாரம் என்றேன்.

"எந்த வருஷத்து அடுத்த வாரம்?"

செப். 11, வியாழன்

வெயில், புழுக்கம். லேத் தட்டைத் துடைக்கும்போது மூலையில் மஞ்சள் பொடி. வெண்கலச் சீவல். நான் இரண்டு மாதமாக அலுமினியமும் இரும்பும் தவிர எதையும் கடையவில்லை.

இழுப்பறையில் இருந்த வெண்கலக் கம்பியை எடுத்துப் பார்த்தேன். குட்டையாகியிருக்கிறது. வெட்டிய முகம் சுத்தம், ஓரம் அரத்தால் மழுக்கி. எவனோ என் வீட்டுக்குள் வந்து, என் மெஷினில் கடைந்து, பெருக்கி வைத்துவிட்டும் போயிருக்கிறான். என்ன நெஞ்சழுத்தம்!

யாராக இருக்கும்:
— மச்சான். போன ஞாயிறு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்தான். ஆனால் பல்பு மாற்றவே அவனுக்கு ஆள் வேண்டும்.
— பக்கத்து வீட்டுக்காரர். சுவர் ஏறும் வயதில்லை. இருந்தாலும் என்னைக் கண்டால் தேவைக்கு மேல் சிரிக்கிறார்.
— குணா. பின்கதவுச் சாவி அவனிடம் ஒன்று உண்டு. போன மாதம் இதே கம்பியைத் தூக்கிப் பார்த்து, "சும்மாதான கெடக்குது, எனக்குக் குடேன் லா" என்றான். நான் தரவில்லை.

ரோஸைக் கேட்டேன், பகலில் யாராவது வந்தார்களா என்று. "யாரும் வரல" என்றாள், துணி வெட்டுவதை நிறுத்தாமல்.

செப். 12, வெள்ளி

குணா வந்தான், வழக்கம் போல் வேலை முடிந்து நான் குளித்துப் பட்டறைக்குள் நுழைந்த நேரத்துக்கு. பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்த லோரோங் சந்தில்தான் வீடு. பையன்களாக ஒன்றாகப் பட்டம் விட்டவர்கள் நாங்கள். எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதன் என்றும் சொல்லலாம்.

அவன் நகங்களைப் பார்த்தேன். எண்ணெய். அவன் நகத்தில் எப்போதும் எண்ணெய்தான், இருந்தாலும்.

சுவரில் நான் எழுதி ஒட்டிய விதிகள்: சக் சாவியை சக்கிலேயே விடாதே. தொளதொள சட்டை கூடாது. மெஷின் ஓடும்போது ஆளைக் கூப்பிடாதே, தொடாதே. இவற்றை மதிக்கும் ஒரே ஆள் குணா. இன்றும் லேத் நிற்கும் வரை வாசலோரம் வாய் திறக்காமல் நின்றான். இத்தனை நாள் பிடித்திருந்த அந்த ஒழுங்கே இன்று சந்தேகமாகப் பட்டது.

செப். 13, சனி

பொறி வைத்தாயிற்று. டயல் கேஜ், நூலளவு அசைந்தாலும் முள்ளைத் திருப்பிக் காட்டிக் கொடுக்கும். காந்தக் காலோடு இழுப்பறை முகத்தில் முட்டி நிற்க வைத்தேன். அதை நகர்த்தாமல் வெண்கலத்தை எடுக்க முடியாது. முள்ளை வேண்டுமென்றே முப்பத்தேழில் விட்டேன். சூட்டுக்கு ஒன்றிரண்டு நகரலாம், அதையும் யோசித்துவிட்டேன். போலீஸுக்குப் போயிருக்க வேண்டியவன் நான்.

வாங்க வேண்டியது: அரத்தாள், மெஷின் எண்ணெய், கருவாடு (ரோஸ்).

செப். 14, ஞாயிறு

ஞாயிறு ஷிஃப்ட். பூசை போச்சு.

திரும்பி வந்ததும் நேராகப் பட்டறை. முள் முப்பத்தேழில் இல்லை. எங்கோ தள்ளிப் போயும் இல்லை. சரியாகப் பூஜ்யத்தில். எடுத்தவன், திரும்ப வைக்கும்போது ஒழுங்காகப் பூஜ்யத்தில் நிறுத்தியிருக்கிறான்.

அப்படித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது நான். இதே அறையில், கத்திக் கத்தி, குணாவுக்கு.

யாரோ திருடன் என்றால் கோபம் மட்டும் வந்திருக்கும். இது குணா.

செப். 16, செவ்வாய்

மலேசிய தினம், விடுமுறை. ரோஸ் ரவிக்கை கொடுக்க டத்தோ கிராமாட் பக்கம் போயிருந்தாள். குணா கறிபாப் பொட்டலத்தோடு வந்தான். நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன்.

"நான் இல்லாதப்ப இங்க வந்தியா?"

"இல்லியே. ஏன்?"

"வெண்கலம் கொறஞ்சிருக்கு. கேஜ ஜீரோல வச்சிருக்கு. ஒன்னத் தவிர அது தெரிஞ்சவன் யாரு இருக்கான் இந்த வீட்ல?"

சிரித்துவிடுவான் என்று ஒரு கணம் நினைத்தேன். சிரிக்கவில்லை. வளையத்திலிருந்து எங்கள் வீட்டுச் சாவியைக் கழற்றினான். வளையம் இறுக்கம், நேரம் பிடித்தது. நான் உதவவில்லை. மேசையில் வைத்தான்.

"வேணும்னு கேட்டேன். நீ குடுக்கல. அத்தோட விட்டுட்டேன் அருளு."

போய்விட்டான். கறிபாப் சூடாக இருந்தது. தின்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

செப். 17, புதன்

பட்டறைக் கதவுக்குப் புதுப் பூட்டு.

"எதுக்குங்க பூட்டு?"

"எலி."

"எலிக்குப் பூட்டா?" பிறகு, "குணா அண்ணே நேத்து வரலியா?"

"வேல இருக்காம்."

என் காதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பொய் சொன்னால் என் காது சிவக்கும் என்பாள்.

செப். 19, வெள்ளி

குணா வரும் நேரம் வந்தது, போனது. கோப்பியை இரண்டு குவளையில் ஊற்றிவிட்டேன், கைப்பழக்கம். சக்கரத்தின் துளை பெரிதாகிப் போய் வீண். பூட்டு நன்றாக வேலை செய்கிறது. உள்ளே வர யாருமில்லை.

செப். 20, சனி

மழை. வேலை இல்லை. கட்டிலில் படுத்திருந்தேன். வீடு ஏதோ மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, தடதட இல்லை.

முன்னறைக்குப் போனேன். ரோஸ் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். மெஷின் மெல்ல முனகியது, அவ்வளவுதான். குனிந்து பார்த்தேன். ஊசிக்கம்பி ஆடவில்லை. அதைச் சுற்றிப் புதுப் புஷ், மஞ்சளாக, வெண்கலம்.

"யாரு செஞ்சு குடுத்தா?"

"நான்தான்."

"நீயா?"

"ஒங்க லேத்துலதான். மூனு கெட்டுப் போச்சு, நாலாவது சரியா ஒக்காந்துச்சு." பொத்தான் டப்பாவிலிருந்து கெட்டுப்போன மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"பத்து வருஷமா குணா அண்ணேகிட்ட கத்துறீங்க. செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் வெட்டுறேன். காது இல்லியா எனக்கு?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஊசி ஆடுதுன்னு எட்டு மாசமா சொன்னேன்."

கேஜைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? முள்ளு எங்கயோ கோணலா நின்னுச்சு. நீங்க மறந்துட்டீங்கன்னு சரி பண்ணி வச்சேன்."

பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் சிப் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டி வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் பல வருஷம். அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சிரிப்பைக்கூடச் சந்தேகித்தேன், இவளைச் சந்தேகிக்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இவளால் முடியும் என்றே நான் நினைக்கவில்லை.

குணா விஷயத்தைச் சொன்னேன். ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தினாள்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே, யாராச்சும் வந்தாங்களான்னு."

"யாரும் வரலதான். நான் வீட்லயேதான் இருந்தேன்." அப்புறம், "போய்ப் பாருங்க அண்ணேய."

புதுப் பூட்டின் சாவியை அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

செப். 21, ஞாயிறு

பூசை முடிந்து நேராகக் குணா வீடு. ஒரு கையில் கறிபாப், சட்டைப் பையில் பின்கதவுச் சாவி. மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சிரு என்றும் சொன்னேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டான்.

"ரோஸ் செஞ்சுச்சா? உள் தொள சுத்தமா வந்துச்சா?"

"என்னுதவிட சுத்தம்."

"பரவால்லயே!" முகம் உண்மையாகவே மலர்ந்தது.

சாவியை நீட்டினேன். துணியால் கையைத் துடைத்தான், வாங்கவில்லை.

"வேணாம் அருளு. நாளைக்கு ஒரு ஸ்குரூ காணாம போனாலும் மொதல்ல என் மூஞ்சிதான் ஒனக்கு ஞாபகம் வரும்."

"வராது லா."

"எனக்கு வருமே. ஒன் கதவத் தொறக்கறப்பல்லாம்."

"அப்ப வர மாட்டியா?"

"நீ இருக்கறப்ப வரேன். நீ தொற." கறிபாப்பை மட்டும் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால் லேத் ஓடும் சத்தம். ரோஸ் உள்ளே, முடியை இறுக்கிக் கட்டி, கையை முழங்கைக்கு மேல் மடித்து, எதையோ கடைந்துகொண்டிருந்தாள். என்னவென்று தெரியவில்லை. மெஷின் ஓடும்போது கூப்பிடக் கூடாது. வாசலோரம், குணா நிற்கும் இடத்தில், அவள் நிறுத்தும் வரை நின்றேன்.