ஏழு வினாடியும் அப்பாவின் வாயும்

வாய் நிறையப் பேசி, வாய் நிறையச் சிரித்து வாழ்ந்த என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. அம்மா சுகம். முழங்கால்தான் மழைக்கு முன்னமே மழையைச் சொல்லிவிடுகிறது. குருநகரில் உங்கள் பட்டறையை இப்போது வேறு ஒருவன் எடுத்து நடத்துகிறான். நல்ல வேலைக்காரன்தானாம், ஆனால் ஏசாமல் வேலை செய்கிறானாம். அதனால் எஞ்சின்கள் அவனை மதிப்பதில்லை என்று கடற்கரையில் ஒரு கதை உலாவுகிறது.

உங்களை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படகு எஞ்சின் திருத்துகிறவர். தூஷணம், அதுதான் கெட்ட வார்த்தை, சொல்லாமல் ஒரு ஆணியைக்கூடக் கழற்றத் தெரியாதவர். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததில்லை. சனிக்கிழமை பின்னேரம் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வீர்கள். திங்கட்கிழமை காலையில் பட்டறையைத் திறந்ததும் புதிதாகத் தொடங்குவீர்கள். அப்படிப்பட்ட உங்களுக்கு வாய்த்த மூத்த மகள் வானொலி அறிவிப்பாளர். கடவுளுக்கும் பகிடி தெரியும் அப்பா.

இப்போது காலம் எப்படி மாறிக் கிடக்கிறது என்று பார்க்க நீங்கள் இல்லையே! தொலைக்காட்சி நகைச்சுவையில் சொல்லுக்குச் சொல் "பீப்" என்று கீச்சிடுகிறது. போன கிழமை உங்கள் பேத்தி அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அந்தக் கீச்சுக்குள் ஒளிந்திருந்த சொல்லைத் தெளிவாகச் சொன்னா. பிள்ளை வாயைப் பிளந்துவிட்டாள்.

"என்னணை அம்மம்மா, உங்களுக்கு உது தெரியுமோ?"

"உன்ரை அம்மப்பாவோடை நாப்பது வரியம் இருந்தனான். எனக்குத் தெரியாதது என்ன கிடக்கு?"

ஆங்கிலப் பாட்டுக்குள் வந்தால் அதே சொல்லை எங்கள் நிலையமே நாளுக்கு நாலு தரம் போடுகிறது. ஒருவரும் மூச்சு விடுவதில்லை. தமிழில் வந்தால்தான் கற்பு பறிபோகிறது. ஒரு கெட்ட சொல்லும் இல்லாமல் மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைக்கும் நாடகத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம். இதை நான் முகாமையாளரிடம் கேட்டேன். "அது வேறை அக்கா" என்றார். எப்படி வேறு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீங்கள் எங்கள் கலையகத்துக்கு வந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். படகு எஞ்சின் பராமரிப்புப் பற்றிப் பேச வரவேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லை. வேறு வழியில்லாமல் உங்களைக் கூப்பிட்டேன். "பிள்ளை பயப்பிடாதை, நான் வாயைக் கட்டிக்கொண்டு வாறன்" என்று வந்தீர்கள். கையில் செபமாலை வேறு.

நிகழ்ச்சி தொடங்கி ஐந்து நிமிடத்தில், உப்புத் தண்ணீர் புகுந்து இறுகிய ஆணியைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்கள் கழுத்து நரம்பு புடைப்பதைக் கண்டேன். நீங்கள் கண்ணை மூடி, "அந்தோனியாரே!" என்றீர்கள். பிறகு எண்ணெய் மாற்றாமல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு "செபஸ்தியாரே!", போலிச் சாமான் விற்கிறவர்களுக்கு "சவேரியாரே!" இரண்டு தரம். மாதாவை மட்டும் நீங்கள் தொடவில்லை. அந்த மரியாதை உங்களிடம் கடைசிவரை இருந்தது.

சண்டிலிப்பாயில் இருந்து ஒரு அம்மா அழைப்பு எடுத்தா. "ஐயா, நாங்கள் சைவக்காரர். எண்டாலும் உங்கடை பக்தியைக் கேக்க எங்களுக்கே மெய்சிலிர்க்குது. மூச்சுக்கு மூச்சு கடவுளை நினைக்கிறியள்."

"ஓம் அம்மா," என்றீர்கள் நீங்கள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "அவையள் இல்லாட்டி எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

அதே நேரம் குருநகர்க் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் மணலில் விழுந்து உருண்டார்களாம். எந்தப் புனிதர் எந்தச் சொல்லுக்குப் பதிலாக வந்தார் என்பது அவர்களுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். நிலையத்துக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பங்குத்தந்தைதான் உங்களைக் கோயில் வாசலில் மறித்தார்.

"சூசை, தூஷணம் சொன்னால் நான் மன்னிப்பன். புனிதரை வைச்சுத் தூஷணம் சொன்னால் நான் என்ன செய்யிறது? நீர் பழைய சொல்லுக்கே போம்!"

வானொலிக்குப் புண்ணியமாக இருந்தது கோயிலுக்குப் பாவமாகிவிட்டது. நீங்களும் கீழ்ப்படிந்து பழைய சொல்லுக்கே திரும்பினீர்கள்.

சரி, இப்போதைய செய்திக்கு வருகிறேன். போன மாதம் என் காலை நிகழ்ச்சி போய்விடும்போல இருந்தது அப்பா. கடற்றொழிலாளரும் தோட்டக்காரரும் அழைப்பு எடுத்துத் தங்கள் பாடுகளைச் சொல்லும் அந்த நேரடி நிகழ்ச்சிதான். உங்களுக்குத் தெரியும், நேயர் பேசுவது ஏழு வினாடி பிந்தித்தான் காற்றில் போகும். ஏதும் பிழையாக வந்தால் நான் சிவப்புப் பொத்தானை அமத்தவேண்டும், அந்தத் துண்டு வெளியே போகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை தொண்டைமானாற்றில் இருந்து தவராசா என்ற கடற்றொழிலாளி அழைப்பு எடுத்தார். இழுவைப் படகு ஒன்று அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதைச் சொல்லத் தொடங்கியவர் மூன்றாவது வசனத்தில் அந்தப் படகுக்காரனின் தாயையும் கடலுக்குள் இழுத்துவிட்டார். என் வலது கையில் தேத்தண்ணிக் கோப்பை. நான் திகைத்து, அதை வைக்க இடம் தேடி, பொத்தானுக்குப் போவதற்குள் ஏழு வினாடியும் முடிந்துவிட்டது. சொல் முழுதாக, தெளிவாக, வடமாகாணம் எங்கும் போய்ச் சேர்ந்தது.

நான் பதறிவிட்டேன். அழைப்பை வெட்டினேன். நேயர்களிடம் ஒரு தரம் அல்ல, மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு பாட்டைப் போட்டேன்.

அடுத்த நாளே தொலைபேசியில் முறைப்பாடு வந்தது. வரவேற்பில் இருந்த பிள்ளை ஒரு தாளில் "சண்டிலிப்பாய், இளைப்பாறிய ஆசிரியர் சிவஞானம். செவ்வாய் நிகழ்ச்சி. தூஷணம்" என்று எழுதி வைத்திருந்தாள். முகாமையாளருக்கு அது போதுமாக இருந்தது. இனி நேரடி வேண்டாம், முதலே பதிவு செய்து சுத்தம் பண்ணிப் போடுவோம் என்றார். தடை செய்யவேண்டிய சொற்களுக்கு ஒரு பட்டியலும் என்னிடம் கேட்டார். "நீங்கள் குருநகர்தானே அக்கா, உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பட்டியலை அங்கேயே வாயால் சொல்லியிருப்பேன். பதிவு செய்த நிகழ்ச்சியில் யார் பேசுவார்? காலையில் கரைக்கு வந்தவன் தன் பாடுகளைச் சொல்ல அடுத்த கிழமைவரை காத்திருப்பானா? பன்னிரண்டு வருடம் நான் கட்டி எழுப்பியது ஒரு தாளில் கரைந்து போகிறதே என்று கண் கலங்கிவிட்டது. முறைப்பாடு செய்தவரையே கூப்பிட்டுப் பேசுவோம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சிவஞானம் மாஸ்ரர் வெள்ளை வேட்டி, திருநீற்றோடு சைக்கிளில் வந்து இறங்கினார். நான் எழும்பி நின்று நாலாவது தரமாக மன்னிப்புக் கேட்டேன்.

"இரும் பிள்ளை," என்றார். "ஆர் உம்மை அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னது? எங்கடை புகையிலைத் தோட்டத்தை மாடு மேய்ஞ்சால் நாங்கள் என்ன, தேவாரமோ பாடுறனாங்கள்?"

முகாமையாளர் தாளைப் பார்த்தார். "அப்ப ஐயா, உங்கடை முறைப்பாடு..."

"அந்த மனுசன்ரை வலை போயிட்டுது. அவன்ரை வீட்டிலை உலை வைக்க வழியில்லை. நீங்கள் எங்களிட்டை மூண்டு தரம் மன்னிப்புக் கேட்டியள். அவனிட்டை வலைக்கு என்ன நடந்தது எண்டு ஒரு தரம் கேட்டியளோ? பாட்டுப் போட்டியள். எனக்கு அதுதான் தூஷணமாய்க் கிடந்தது."

"அப்ப நிகழ்ச்சியை நிப்பாட்டச் சொல்லேல்லையோ?" என்று முகாமையாளர் மெல்லக் கேட்டார்.

"நிப்பாட்டவோ? பிறகு காலமையிலை நான் என்னத்தைக் கேக்கிறது?"

அடுத்த செவ்வாய் தவராசாவைத் திரும்ப அழைப்பில் எடுப்பது, அது ஒழுங்காக நடந்தால் நேரடி தொடரும், இல்லாவிட்டால் பதிவுதான் என்று முடிவாயிற்று. அந்தச் செவ்வாய் முகாமையாளர் கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அன்றைக்குத் தேத்தண்ணியே குடிக்கவில்லை.

பாவம், தவராசா பயந்துபோயிருந்தார். "நான் இண்டைக்கு ஒண்டும் சொல்லமாட்டன் தங்கச்சி. மனுசி பக்கத்திலை நிக்கிறா, கிள்ளிக்கொண்டு."

"அதை விடுங்கோ அண்ணை. வலைக்கு என்ன நடந்தது? அதைச் சொல்லுங்கோ."

சொன்னார். எப்படிக் கையைக் காட்டிக் கத்தினார், விளக்கை ஆட்டினார், அவர்கள் பார்த்தும் பாராமல் வலைக்கு மேலால் போனார்கள் என்று எல்லாம் சொன்னார். அந்த இடத்தில் அவர் மூச்சை இழுத்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறந்தது முதல் உங்கள் மூச்சைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா? மனைவியின் கிள்ளும் பலிக்கவில்லை. சொல் வந்தது. பொத்தானை அமத்தினேன். அந்த ஒரு சொல் மட்டும் காணாமல் போனது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, பாட்டும் போடவில்லை.

"பிறகு, அண்ணை?" என்றேன்.

பிறகு பதினொரு நிமிடம் பேசினார். அவர் முடிப்பதற்குள் குருநகரில் இருந்து ஒருவர் அழைப்பு எடுத்து, தன்னிடம் பாவிக்காத வலை இரண்டு கிடக்கிறது, யாரும் வந்தால் தரலாம் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகாமையாளர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டிருந்தார். நிகழ்ச்சி தப்பிவிட்டது அப்பா. இன்றைக்கும் நேரடிதான்.

அன்று சந்தோசத்தோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே, இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றும் வாயில் வந்துவிட்டது. நீங்கள் சாகிறதுக்கு முந்தின வருடம் ஒரு நாள், நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கும்போது அழைப்பு எடுத்தீர்கள். "வணக்கம்" என்றதும் குரலைக் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த சொல் என்னவாக இருக்குமோ என்ற பயத்தில், நீங்கள் ஒன்றும் சொல்லமுன்னமே பொத்தானை அமத்தி, அழைப்பையும் வெட்டினேன். "இணைப்புத் துண்டிக்கப்பட்டுவிட்டது நேயர்களே" என்றேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, "லைன் கிளியர் இல்லைப்போலை பிள்ளை" என்றீர்கள். "ஓம் அப்பா" என்று சோற்றைப் பிசைந்தேன்.

"அவர் ரெண்டு நாளாய்க் கிணத்தடியிலை நிண்டு பாடமாக்கினவர்," என்றா அம்மா. "ஒரு தூஷணம் வராமல் கதைக்கோணும் எண்டு. 'வணக்கம், நான் அறிவிப்பாளர் மெற்றில்டாவின்ரை தகப்பன் கதைக்கிறன்' எண்டு தொடங்கும். மிச்சம் எனக்கு ஞாபகம் இல்லை."

அம்மாவிடம் எத்தனை தரம் கேட்டும் அந்த மிச்சம் வரவில்லை. பட்டறைக்கும் போய்க் கேட்டேன், கரையில் உங்கள் கூட்டாளிகளிடமும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியாது. என்ன சொல்ல எடுத்தீர்கள் அப்பா? ஊரார் சிரித்த வாயை எனக்காக இரண்டு நாள் கழுவி வைத்திருந்தீர்கள். நான் வெட்கப்பட்டேன், அதுதான் உண்மை. இப்போது அந்த வெட்கத்தை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி எவர் எடுத்தாலும், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கேட்பேன். நான் அங்கே வந்து சேரும் நாளில் நீங்கள் முதலாவதாக அந்த மிச்சத்தைச் சொல்லவேண்டும். பாடமாக்கியபடி சொல்லவேண்டாம், உங்கள் வாயில் வருகிறபடியே சொல்லுங்கள். என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருப்பேன்.

அறிவிப்பாளர் என்பதை விட்டுவிட்டு, வெறும் மகளாக,
உங்கள் மூத்தவள்
மெற்றில்டா