சரிபார்க்க வந்த போன்

நவ. 4, செவ்வாய்
காலையிலேயே தூறல். போடியிலிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு. கூலிக்குப் போகும் பெண்கள் நடுவே நானும் சர்வே டேப்லெட்டும். கடைசிக் கேள்வி: "நீங்கள் எதிர்பாலீர்ப்பு உடையவரா, தன்பாலீர்ப்பு உடையவரா?" ஏசியில் உட்கார்ந்து எழுதிய மகராசன் யாரோ. வாசித்ததும் எதிரே இருந்த அக்கா, "இது எந்தச் சலுகைக்கு ஆத்தா?" பக்கத்தில் இருந்தவளுக்கும் அவளே பதில்: "இவளுக்கென்ன, ரெண்டு பிள்ளை பெத்தவ. ஆம்பளைன்னு போட்டுக்க." ஜீப்பே சிரித்தது. அந்த ரெண்டு பிள்ளைக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

நவ. 5, புதன்
வெயில். காலில் அட்டைக்கடி. உப்பு, சோப்பு வாங்கணும்.
இன்று கேள்வியை மாற்றினேன். தனித்தனியாக, செடி மறைவில்: "சில பேருக்கு ஆம்பளையப் பிடிக்கும், சில பேருக்குப் பொம்பளைய, சில பேருக்கு ரெண்டு பேரையும், சில பேருக்கு யாரையும் பிடிக்காது. உங்களுக்கு எப்படிக்கா? சொல்ல வேணாம்னா விட்ருங்க."
நேற்றுச் சிரிக்காதவள் (பெயர் இங்கேயும் வேண்டாம், 'சி' போதும்) காய் பறிக்கும் கையை நிறுத்தாமல், "பொம்பளையத்தான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல தங்கச்சி. வெளிய போகாதுல்ல?"
"போகாதுக்கா."
நானும் அப்படித்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

நவ. 10, திங்கள்
சர்வே ஆபீஸ் சார் போன். புதுக் கேள்வி பிரமாதமாம். "ஆனா கல்யாணம் ஆனவங்க ஒருத்தருக்கு 'பெண்கள்'னு இருக்கே, தப்பாப் போட்டுட்டியாம்மா? கூப்பிட்டுச் சரிபார்த்துக்கிறோம்." அவள் கொடுத்த நம்பர் புருஷன் போன், வீட்டுக்கே அது ஒன்றுதான், கூப்பிடாதீங்க என்று கெஞ்சினேன். "ரூல்ஸ்மா."

நவ. 12, புதன்
ஜீப்பில் சி இல்லை. அன்று 'ஆம்பளைன்னு போட்டுக்க' என்ற அக்கா குரலைத் தாழ்த்தி: "எவனோ போன் போட்டு, 'உங்க வீட்டம்மா பொம்பளையப் பிடிக்கும்னு சொன்னாங்களே, சரிதானா'ன்னு புருஷங்கிட்டயே கேட்டிருக்கான். அடிச்சு, ராசிங்காபுரத்துல அம்மா வீட்டுல கொண்டுபோய்த் தள்ளிட்டான். பிள்ளைகள அனுப்பல." பாவிகள். நல்லா இருப்பார்களா?

நவ. 13, வியாழன்
சாரின் மெசேஜ்: 'கணவரிடம் கேட்டு, ஆண்கள் என்று திருத்தியாச்சு.' போனை உடைக்கலாம் போல இருந்தது.
மத்தியானம் பஸ்சில் ராசிங்காபுரம். சி வாசலுக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை.
"நீ கேட்ட மாதிரியே கேக்குறேன் தங்கச்சி. ஒனக்கு யாரப் பிடிக்கும்?"
அவள் அம்மா பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஆம்பளையத்தான்க்கா" என்றேன்.