மலை ஏறாத டேங்க்

கொழிஞ்சாம்பாறை
புரட்டாசி, சனிக்கிழமை

மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

நான் சௌக்கியம். உன் அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் கடிதம்.

மலை மேல் மாட்டுப்பட்டிக்கு வந்து உன் குழந்தையைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள் உன் அம்மா ராமாத்தாள். உன் வீட்டுக்காரர் கார் அனுப்புவதாகச் சொன்னது தெரியும். அங்கிருந்து வரும் காரில் என் வீட்டு ஆள் ஏறமாட்டாள். நம் மாருதி இருக்கிறது.

நீ அவரோடு மலைக்குப் போன நாளிலிருந்து நான் அதை எடுக்கவில்லை. தார்ப்பாயை விலக்கிப் பெட்ரோல் ஊற்றினேன். ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றது. பில்டர் முழுக்கச் செம்மண் மாதிரித் துரு. ஒர்க்‌ஷாப் கலீல் டேங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுல போட்டாத்தான் பெட்ரோல் சல்லிசுன்னு எந்நேரமும் காலியாவே ஓட்டுனீங்க. காலி டேங்க்லதானுங்க துரு புடிக்கும்" என்றான். எல்லையில் இருக்கிறவன் எவனும் அப்படித்தான் ஓட்டுகிறான். புது டேங்க் வாங்கச் சொன்னான். முடியாது என்றேன்.

உள்ளே ஜல்லியும் சோப்புத் தண்ணீரும் போட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கிய டிராக்டர் சக்கரத்தில் டேங்கைக் கட்டி மெதுவாகச் சுற்றவிட்டேன். துரு முழுக்க வந்துவிட்டது. வந்த பிறகுதான் அடியில் பொத்தல்கள் தெரிந்தன. இத்தனை நாளும் அந்தத் துருதான் அவற்றை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. கலீல் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தான். "சமதரையில ஓடுமுங்க. மலை மட்டும் ஏத்தாதீங்க" என்றான்.

அந்த வாரமே பொள்ளாச்சி டாக்டரும் அதைத்தான் சொன்னார், உன் அம்மாவைப் பற்றி. இருதயம் ரொம்பவும் தளர்ந்துவிட்டதாம். மலை ஏறினால் தாங்காதாம். கீழே இருந்தாலும் அதிக நாள் சொல்ல முடியாது என்றார். அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. டேங்க் மலை ஏறாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "ஏனுங்க, இந்த ஓட்ட டேங்க்கால எம் பேத்தியப் பாக்காமயே போயிருவேனாட்ட இருக்குது" என்று தினமும் காரைத் திட்டுகிறாள். திட்டட்டும்.

இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று உன்னிடம் சொன்ன சொல்லை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் உடுமலை வரைக்கும் சமதரைதான். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு காலை, அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் காரை நிறுத்தியிருப்பேன். நீ மூணாறு பஸ்ஸில் வந்து இறங்கு. பின் சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்துகொள். காருக்கு வாசல்படி கிடையாது. டாக்டர் சொன்னதைப் பற்றி வாயைத் திறக்காதே. அவள் டேங்கைத் திட்டினால் நீயும் சேர்ந்து திட்டு.

கைக்குழந்தையோடு தனியாக மலை இறங்க வேண்டாம். உன் வீட்டுக்காரர் ஜினோவும் கூட வரட்டும். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காரலாம். நான் பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

குழந்தைக்கு என் ஆசி. தீபாவளி கழித்து வரலாம் என்று தள்ளிப்போடாதே, கண்ணு.

இப்படிக்கு,
அப்பா அர்த்தநாரி