மேடையில் ஒரு சிரிப்பு

வில்லியனூர்
14.4.2024

அன்புள்ள லில்லிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அத்தை போனுக்கு அடித்தால், "அவ பேசமாட்டாளாம் மாப்ள" என்று வைத்துவிடுகிறார். பள்ளிக்கூடம் முடித்த பிறகு இப்போதுதான் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒரு பல் ஆஸ்பத்திரி பேனருக்காக யாராவது புருஷனை விட்டுப் போவார்களா? ஈறு ஆபரேஷனுக்கு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். உன் பெயர்கூட அதில் இல்லை. "இன்னா எழிலு, உன் சம்சாரமா அது? சினிமாக்காரி மாதிரி கீறாங்க" என்று கடைத்தெருவில் கேட்கிறார்கள். படம் போடச் சம்மதித்ததால்தான் பல் டாக்டர் காசே வாங்கவில்லை. அவருடைய விளம்பர வேலை முழுவதும் இப்போது நம் ஸ்டூடியோவுக்கு. நமக்காகத்தானே செய்தேன்?

வீட்டில் அடுப்பு பற்றவைத்து நாளாகிறது. வந்துவிடு.

உன்
எழிலரசன்


கரையாம்புத்தூர்
22.4.2024

என்னங்க,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீங்கள் வெயிலில் கல்யாண வேலைக்கு அலைவீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பெயர் இல்லை என்கிறீர்கள். என் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது, முகம் தெரியும். "டீச்சர், உங்க வாய் ரோட்டுல கீது" என்று ஒரு குட்டி ஓடிவந்து சொன்னதும்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. பிள்ளையை விட வந்த அம்மாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு என் வாய். அந்த 'முன்பு' படத்தை எடுக்கும்போது, "டாக்டர் பாக்கத்தான், எக்ஸ்ரே மாதிரி" என்று சொன்னது நீங்கள்தானே? கல்யாணமான ஒன்பது வருடத்தில் அன்றுதான், "நல்லா வாயத் தொறந்து சிரி லில்லி" என்றீர்கள். நானும் நம்பிச் சிரித்தேன்.

மற்ற நாளெல்லாம், ஈறு தெரிகிறது, வாயை மூடு என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டுவீர்கள். என் தங்கை கல்யாண ஆல்பம் முழுக்க நான் துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிற்கிறேன். அந்த விரல் நின்றால் போதும் என்றுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். ஈறில் ஊசி போட்டார்கள். லேசர் வைத்ததும் ஏதோ கருகுகிற வாடை. அது என் சதைதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆறின கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

பேனரை இறக்குங்கள். பிறகு பேசலாம்.

லில்லி


வில்லியனூர்
3.8.2024

அன்புள்ள லில்லிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கல்யாண சீசன் முழுக்க அலைச்சல், பிறகு ஆடி முடிவதற்குள் ஸ்டூடியோவுக்குப் பெயின்ட் அடித்தேன். பேனர் ஆஸ்பத்திரியுடையது, நானாக எப்படி இறக்குவது?

ஆனால் ஒரு வழி இருக்கிறது. பாகூரில் டாக்டர் புதிதாக ஒரு கிளை திறக்கிறார். உன்னை மேடையேற்றி நாலு வார்த்தை பேசவைக்க ஆசைப்படுகிறார். ஃபேஸ்புக்கில் நேரலை, கேமரா நான்தான். நீ பேசக்கூட வேண்டாம், ஒரு சிரிப்பு சிரித்தால் போதும். அது முடிந்ததும் பேனரை இறக்கச் சொல்கிறேன். அப்படியே என்னோடு வீட்டுக்கு வந்துவிடு. வெட்டி அழகாக்கின சிரிப்பைக் கரையாம்புத்தூர் கரும்புக்கொல்லையிலா காட்டிக்கொண்டிருப்பாய்?

எழில்


கரையாம்புத்தூர்
9.8.2024

என்னங்க,

வருகிறேன். நீங்கள் எடுத்துக்கொடுத்த மயில்நீலப் புடவையைக் கட்டிக்கொள்கிறேன். டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கூட்டம் நன்றாகக் கூடட்டும், தெரிந்தவர்கள் எல்லோரையும் அழையுங்கள்.

மேடையில் நிச்சயம் சிரிக்கிறேன்.

லில்லி


வில்லியனூர்
2.9.2024

லில்லி,

உனக்கு மனசாட்சி இருக்கிறதா?

திறப்பு விழா அன்று காலையில் பந்தலில் டெஸ்ட் எடுக்கும்போது, "லேசா சிரி" என்றேன். "மேடையில சிரிக்கிறேன்" என்று உதட்டைப் பிரிக்காமல் சொன்னாய். வெட்கம் என்று நினைத்தேன். டாக்டர் மைக்கைக் கொடுத்து, "லில்லி மேடம், உங்க புதுச் சிரிப்ப எல்லாருக்கும் காட்டுங்க" என்றார். உன் முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு படமும் பெரிதாக. நீ வாயைத் திறந்து சிரித்தாய் பார், கேமராவில் அது பெரிதாகத் தெரிந்தது. வெட்டின ஈறு பாதிக்குமேல் இறங்கிவந்து பல்லை மூடியிருக்கிறது. நேரலை ஓடுகிறது, நிறுத்தவும் முடியவில்லை.

முன்வரிசையில் ஒரு பொம்பளை எழுந்து, "அய்ய, இன்னாய்யா இது? மொத படம் மாதிரியேதான கீது!" என்று கத்தினாள். பந்தலே கொல்லென்று சிரித்தது. அப்போதும் நீ நிறுத்தவில்லை. மகளுக்கு ஈறு வெட்டப் பெயர் கொடுத்திருந்த ஒருவர் அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

டாக்டர் எல்லோர் முன்னாலும், "ஏன்யா, பொண்டாட்டி வாயக்கூடப் பாக்க மாட்டியா?" என்று கேட்டார். அவர் வேலை முழுவதும் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டது. கடைக்கு வருகிறவர்கள் அந்தச் சிரிப்பைப் பற்றியே கேட்கிறார்கள்.

உனக்கு இது எப்போதிலிருந்து தெரியும்? சிலருக்கு ஈறு மறுபடி வளருமாம். இந்தமுறை எலும்பையும் கொஞ்சம் சீவினால் நிற்குமாம். வந்து செய்துகொள். நடந்ததை நான் மறந்துவிடுகிறேன்.

எழிலரசன்


கரையாம்புத்தூர்
10.9.2024

எழிலரசன் அவர்களுக்கு,

ஜூன் மாதமே தெரியும். அம்மாதான் முதலில் பார்த்தார்கள். நுங்கு தின்றுகொண்டு எதற்கோ சிரித்தேன். அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஏய், உங்கப்பா திரும்பி வந்துட்டாருடி" என்று அழுதுவிட்டார்கள். அப்பா சிரித்தால் அப்படித்தான், மேல் ஈறு முழுதும் தெரியும். அவரைப் புதைத்த வருடம்தான் நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். நீங்கள் வெட்டச் சொன்னது யாருடைய சிரிப்பை என்று உங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதம் வரும்வரை எனக்கு ஒரு எண்ணமும் இல்லை. பேனரை இறக்கியிருந்தால் உங்களிடம் வந்து வாயைத் திறந்து காட்டியிருப்பேன். ஒரு சிரிப்புக் கேட்டீர்கள். கொடுக்கலாம் என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்குக் கஷ்டமா என்ன? ஒன்பது வருடம் பழக்கியது நீங்கள்தானே.

வருத்தப்படுகிறேனா என்றால், இல்லை. அந்த அம்மா கத்தியதும், உங்கள் முகம் வெளுத்ததும், டாக்டர் மைக்கைப் பிடுங்கியதும் தினமும் நினைவுக்கு வருகிறது. நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். சாப்பாடு நன்றாக இறங்குகிறது.

எலும்பைச் சீவ வரமாட்டேன். வீட்டுக்கும் வரமாட்டேன். அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், பாகூர் அங்கன்வாடிக்கே மாற்றல் கேட்டிருக்கிறேன். என் துணிமணிக்குத் தம்பி புகழ்வேந்தன் ஞாயிற்றுக்கிழமை வருவான், கொடுத்தனுப்புங்கள்.

அந்த நேரலை வீடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள். நீங்கள் என்னை எடுத்ததிலேயே நல்ல படம் அது ஒன்றுதான்.

லில்லி இன்னாசிமுத்து