பின்சக்கரத்தடியில் ஒருவன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? நான் நலம்.

லாரியை எடுக்குமுன் சுற்றிவந்து அடியில் குனிந்து பார்ப்பது என் வழக்கம். போன வாரம் மதியம் பின்சக்கரத்தை ஒட்டி ஒருவன் நிழலுக்குப் படுத்திருந்தான். தட்டி எழுப்பினேன். நான் அடிக்க வந்ததாக நினைத்து, பக்கத்தில் கிடந்த உடைந்த பாட்டிலால் என் கையைக் கிழித்துவிட்டான். ரத்தத்தைப் பார்த்ததும் மற்ற டிரைவர்கள் ஓடிவந்து இரும்புக்கம்பியால் அவன் மண்டையைப் பிளந்தார்கள்.

"விடுங்கடா, செத்துருவான்!" என்று அவன்மேல் விழுந்து மறைத்தேன். என் முதுகிலும் இரண்டு விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். "நீங்க குனிஞ்சு பாக்கலேன்னா நான் கூழாகியிருப்பேண்ணே" என்று தேம்பினான்.

பயப்படாதே, பன்னிரண்டு தையல்தான். முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. போனில் 'சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் திட்டு.

லோடு ஏறிவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்