வீட்டுக்காரர் பேரு என்ன?

குவைத்,
4.4.2025

அன்புள்ள சாதிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் மகள் இஷ்ரத்தும் அம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, பிள்ளை வேறு பக்கத்தில் நின்று கேட்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜுல்பிகர் அண்ணன் நேற்றும் கூப்பிட்டார். முஜிபுர் பெண்டாட்டி பரவையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ட டாக்டரோடும் வீடியோவில் பேசுகிறாள் என்று கோரிப்பாளையம் பூராவும் பேச்சாம். நான் என்ன, வீட்டுக்குப் பணம் அனுப்பாமலா இருக்கிறேன்? நர்ஸுக்குப் படித்துவிட்டு, டாக்டரே இல்லாத ஆஸ்பத்திரியில் பெட்டியைத் தட்டிக்கொண்டிருப்பது ஒரு வேலையா? இந்த மாசத்தோடு நின்றுவிடு. கோபப்படாமல் யோசி.

அன்புடன்,
முஜிபுர் ரஹ்மான்

கோரிப்பாளையம்,
11.4.2025

இஷ்ரத் அத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி தேவலை. உங்கள் மகள் சாப்பிடத்தான் அடம் பிடிக்கிறாள், யார் மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. பெட்டியைத் தட்டுகிறேன் என்றா எழுதினீர்கள்? செவ்வாய்க்கிழமை என்ன தட்டினேன் என்று கேளுங்கள்.

ஒச்சாயி என்று ஒரு அம்மா, காலில் மண்வெட்டி பட்டுச் சீழ் வைத்து வந்தார். பதிவு செய்கிற முத்துச்செல்வி வீட்டுக்காரர் பெயரைக் கேட்டிருக்கிறாள். “சோலை அப்பா” என்றிருக்கிறார். முத்துச்செல்வி இந்தக் காலத்துப் பெண், புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். சோலை என்று அடித்துவிட்டாள். கம்ப்யூட்டரும் சோலை பெண்டாட்டி ஒச்சாயி என்று வேறு யாருடைய குறிப்பையோ எடுத்துக் கொடுத்துவிட்டது. ஒவ்வாமை எதுவும் இல்லை என்று அதில் இருந்ததால், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரையில் பார்க்கிற டாக்டரம்மா ஊசி எழுதிவிட்டார்.

ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் தோலில் டெஸ்ட் டோஸ் போட, மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். குறிப்பில் அப்படி இருந்தது. தனக்குச் சர்க்கரையே கிடையாது என்றார். சுருக்கென்றது எனக்கு. ரேஷன் கடையில் உங்கள் பெயரைக் கேட்டபோது ‘இஷ்ரத் அத்தா’ என்று சொல்லிவிட்டு முழித்தவள்தானே நானும்!

“சோலை உங்க மகனாம்மா?” என்றேன்.

“ஆமா, மூத்தவென்.”

“அப்ப அவுக அப்பா பேரு?”

முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “கருமாத்தூர்ல இருக்காருல்ல எங்க சாமி, அந்தப் பேருதேன்.”

விருமாண்டியா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த வெட்கத்தைப் பாருங்களேன்.

விருமாண்டி என்று அடித்ததும் சரியான குறிப்பு வந்தது. மேலேயே சிவப்பு எழுத்து: இதே மருந்தைப் போட்டு முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் மூச்சு நின்று பிழைத்தவர். எந்த மருந்து என்று பாவம் அவருக்கே தெரியாது. நான் போடவிருந்த துளியே ஆளைக் கொண்டுபோயிருக்கும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, திரையில் அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டினேன். டாக்டரம்மா வேறு மருந்து எழுதினார். இனி பிள்ளைகள் பெயரையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எல்லா ஊர் மையங்களிலும் பதிவையே மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பெட்டி இல்லையென்றால் அந்தச் சிவப்பு எழுத்து பரவைக்கு வந்திருக்காது. நான் இல்லையென்றால் அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். தற்பெருமை என்றால் தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். வேலையை விட மாட்டேன். நீங்கள் வேண்டாமென்று இன்னொரு தரம் சொன்னாலும் போவேன், ஆனால் மனசு கசந்துகொண்டே போவேன். அப்படி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்
சாதிகா

குவைத்,
19.4.2025

சாதிகா,

அஸ்ஸலாமு அலைக்கும். லாரியை ஓரங்கட்டிவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். அப்புறம் ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கோச்சடைக்காரர் கருத்தக்கண்ணன் அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவைப் பரவைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். முஜிபுர் வீட்டம்மா அங்கே இருக்கும்போது வேறெங்கே போவது என்கிறார். ஊர்வாயில் உன் பெயர் வந்தாலே கூசிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணனை நானே கூப்பிட்டேன். அவர் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்: “எம் பொண்டாட்டி வேலைக்குப் போவா அண்ணே. எவனாச்சும் கேட்டா, நாந்தேன் அனுப்புறேன்னு சொல்லுங்க.”

அதற்கு அவர் மெதுவாக, பரவை மையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். ரொம்ப நாளாகப் படியேறினால் நெஞ்சு படபடக்கிறதாம். வெளியே சொல்லப் பயந்து மூடி வைத்திருக்கிறார் மனுஷன்.

28ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறார். அந்தப் பெட்டி முன்னால் நீயே உட்காரவைத்து, டாக்டரிடம் பேசு.

உன்
முஜிபுர்